மெருகும் மெழுகும்



மெருகு, மெழுகு என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. ஆயினும் அவை குறிக்கும் செயல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. மெருகிடுதல் என்பது தேய்த்து எடுத்தல். மெழுகுதல் என்பது பூசிச் சேர்த்தல். பொற்கொல்லர் நகைக்கு மெருகிடும்போது பொன் அணுவளவேனும் குறையவே செய்கிறது. திண்ணையை மெழுகும்போதோ தரையின்மீது புதிதாக ஒரு படலம் சேர்கிறது. நகையிலும் தரையிலும் இவ்வேறுபாட்டை நன்கறிந்த நாம், வாசலில் நிற்கும் காரைப் பொறுத்தமட்டில் அதனை அடியோடு மறந்துவிடுகிறோம். கடையில் புட்டியிலும் டப்பியிலும் விற்கும் எல்லாவற்றையும் ‘பாலிஷ்’ என்னும் ஒரே பெயரால் அழைத்து, எது முதலில், எது பின்னர் என்று கேளாமலே தேய்க்கத் தொடங்குகிறோம்.

கார் இன்று செல்வர் வீட்டுப் பொருள் மட்டுமன்று. ஆலய முற்றத்தில் மந்திரிப்புக்காகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் வண்டிகளுள் பல, தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் பயணிகளை ஏற்றிச்சென்று, அவ்வருவாயிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் காரின் வர்ணம் வெறும் அழகு அன்று. நாளை வண்டியை விற்கும்போது கைக்கு வரவேண்டிய பணம்.

பழனியில் வாடகைக் கார் ஓட்டும் அன்பர் ஒருவர், தைப்பூசத்துக்கு முன்பும் பங்குனி உத்திரத்துக்கு முன்பும், ஆண்டு தவறாமல், வண்டி முழுவதையும் இயந்திரம் வைத்துத் தேய்த்து மினுக்கி வந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் வண்டி புதிதுபோல் ஒளிர்ந்தது. ஐந்தாம் ஆண்டில் பானெட்டின் விளிம்பும் கூரையும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கின. விற்கச் சென்றபோது, வாங்க வந்தவர் முதலில் விரல் வைத்துக் காட்டியது அந்த இடங்களையே. யாரும் அவரை ஏமாற்றவில்லை. தேய்த்தல் பலமுறை நடந்தது; காத்தல் ஒருமுறையும் நடக்கவில்லை. அவ்வளவே.

பழைய வர்ணமும் புதிய வர்ணமும்

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ‘டூகோ’ என்னும் விரைவில் உலரும் வர்ணத்தைக் கொண்டுவந்தது. அதற்குமுன் ஒரு காருக்கு வர்ணம் பூசி உலர்த்தப் பல வாரங்கள் ஆயின. அந்தப் பெயர் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றிற்று என்றால், இன்றும் டிங்கர் பட்டறைகளில் எந்த வர்ணத்தைத் தெளித்தாலும் ‘டூகோ அடிப்பது’ என்றே சொல்வோர் உளர்.

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் போன்ற வண்டிகளில் நாம் பெரும்பாலும் கண்டது ஒற்றை அடுக்கு வர்ணமே. வெயிலில் அதன் மேற்புறம் வெளிறிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆகும். அதைத் தேய்த்தெடுத்தால் அடியிலிருந்து அதே நிறம் புதிதாய் வெளிப்படும். ஆகவே அக்கால ஓட்டுநர்கள் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தது அந்த வர்ணத்துக்குப் பொருந்திய செயலே.

இன்றைய கார்களின் நிலை வேறு. தகட்டின்மீது அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற ஒரு தெளிபூச்சு என அடுக்குகள் அமைந்துள்ளன. ஒளிர்வது அந்தத் தெளிபூச்சே. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பதும் அதுவே. அதன் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே மைக்ரான். நம் தலைமயிரின் தடிமனைவிட மெல்லிய இப்படலத்தைக் கடுங்காம்பவுண்டால் தேய்க்குந்தோறும் சில மைக்ரான்கள் போய்விடுகின்றன. போனது திரும்பாது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. இயந்திரம் முதலில் தின்பதும் அங்கேதான்.

உங்கள் வண்டி எவ்வகை என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றை அடுக்கு வர்ணம். நிறம் ஒட்டாமல் அழுக்கு மட்டும் வந்தால் மேலே தெளிபூச்சு உள்ளது. தெளிபூச்சுள்ள காரில் நிறம் வரத் தொடங்கிவிட்டால் உடனே கையை எடுத்துவிடவேண்டும். காக்கவேண்டிய அடுக்கு அவ்விடத்தில் தீர்ந்துபோயிற்று என்பதே அதன் பொருள்.

சரியான வரிசை

கோலம் போட்டபின் வாசலைப் பெருக்குவார் உண்டோ? சுண்ணாம்பு அடித்தபின் சுவரைச் சுரண்டுவார் உண்டோ? காருக்கும் அதே நியதிதான்.

முதலாவது, கழுவுதல். உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே வர்ணத்துக்கு நாம் இழைக்கும் பெருந்தீங்கு. தூசியிலுள்ள மணல், துணிக்கு அடியில் உப்புத்தாள்போல் வேலை செய்து, வெயிலில் சிலந்திவலைபோல் தெரியும் நுண்கீறல்களை உண்டாக்குகிறது. நிறைய நீர்விட்டு மணலை ஓடவிட்டபின்பே துணி படவேண்டும். தார்ப்புள்ளி, பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத்தூள் முதலியன கழுவியும் போகாமல் சொரசொரப்பாக நின்றால், அதற்கென விற்கும் களிமண் போன்ற பசையை, உரிய வழுக்குநீர் தெளித்து, அழுத்தாமல் ஓட்டி எடுக்கலாம்.

இரண்டாவது, மெருகிடுதல். பாலிஷ் என்பது மிக நுண்ணிய அரத்தூள் கலந்த பசை. கீறலின் இருபுறமும் உள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்குவதே அதன் பணி. கீறலும் மங்கலும் இருந்தால் மட்டுமே இது தேவை. புதுக் காருக்குத் தேவையே இல்லை. முதலில் மென்மையான பாலிஷால் ஒரு முழ இடத்தில் செய்து பார்த்து, அது போதவில்லையெனில் மட்டுமே சற்றுக் கடினமானதை நாடுக.

மூன்றாவது, காப்புப் பூச்சு. சீலன்ட் எனப்படும் இது செயற்கைப் பொருள்களால் ஆனது. வர்ணத்தை நேரே தொட்டால்தான் பற்றிக்கொள்ளும். மெருகிட்டபின் மேற்பரப்பில் பாலிஷின் எண்ணெய்ப் பசை தங்கியிருக்கும். அதனை அதற்குரிய திரவத்தால் துடைத்து எடுத்துவிட்டே இதைப் பூசவேண்டும். பூசியபின் இறுகுவதற்குப் புட்டியில் குறித்த நேரம் விடவேண்டும். சிலவற்றுக்கு அது ஒரு நாள் வரையும் ஆகலாம். அதுவரை நீர் படலாகாது.

நான்காவது, மெழுகு. ஒளிக்கு ஆழமும் நீருக்கு வழுக்கலும் தருவது இது. மெல்லிதாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாமல் பொடியாக வரும் பதத்தில் தூய துணியால் துடைத்தெடுக்கவேண்டும். தடித்துப் பூசுவதால் பயன் மிகுவதில்லை.

இவ்வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? மெழுகின்மீது காப்புப் பூச்சைப் பூசினால், அது வர்ணத்தைப் பற்றாமல் மெழுகின்மேல் நின்று, மெழுகோடு சேர்ந்தே போய்விடும். மெழுகிட்டபின் மெருகிட்டால், நேற்றுப் பூசியதை இன்று காசு கொடுத்துச் சுரண்டியவர் ஆவோம். கையில் பணம் குறைவெனில் கழுவி, காப்புப் பூச்சு அல்லது மெழுகு இரண்டில் ஒன்றை மட்டும் இட்டாலும் போதும். இக்காலத்தில் பெருந்தொகைக்குச் செய்யப்படும் ‘செராமிக்’ பூச்சுக்கும் அடித்தளம் வெறும் வர்ணமே. அதைச் செய்தவர்களுக்கு மெழுகு கட்டாயமன்று. சில டப்பிகளில் ‘வாக்ஸ்’ என்று எழுதியிருப்பினும் உள்ளே தேய்க்கும் தூளும் கலந்திருக்கும். கீறல் நீக்கும், கறை அகற்றும் என்று அதில் கண்டிருந்தால், அதனை மெருகின் இனத்தில் சேர்த்து எண்ணுங்கள்.

பனை தந்த மெழுகு

இம்மெழுகுகளுள் சிறந்ததாகப் போற்றப்படும் கார்னோபா, பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையிலிருந்து கிடைக்கிறது. நம் பனையைப் போலவே அதற்கும் விசிறி ஓலை. கடும் வெயிலில் ஓலையின் ஈரம் வற்றாதிருக்க அம்மரம் தன் ஓலைமீது மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலைகளை வெட்டி உலர்த்தித் தட்டினால் அது பொடியாக உதிரும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகிவிடும். கார்னோபா உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். கோடையில் ஜன்னலோரம் வைத்த மெழுகுவர்த்தி வளைந்து குனிவதை நாம் கண்டிருக்கிறோம். நண்பகலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் பானெட்டில் எந்த மெழுகு நிலைக்கும் என்பதை அதிலிருந்தே உணரலாம்.

நம் வட்டாரத்துக்கு உரியவை

நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உடையது. வெயிலில் நிறுத்திக் கழுவினால், நீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் பதியும். ஆகவே காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுத்துவிடுக. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கும் நாள்களில் திறந்தவெளியில் மெருகிடும் வேலையே வேண்டாம்.

மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து துடைத்தால் பளபளக்கும் என்பார்கள். அது சிறிது நேரத்து எண்ணெய்ப் பளபளப்பே. இட்ட மெழுகைக் கரைத்துவிட்டு, புழுதியையும் ஈர்க்கும். துணி வெளுக்கும் சோப்புத்தூளும் மெழுகைக் கழுவிக்கொண்டுபோகும். திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணி மலிவானதே. எனினும் அதன் தையலும் முடிச்சும் கீறும். நுண்ணிழைத் துணிகள் இரண்டு மூன்று வாங்கித் தனியே வைத்திருப்பது நன்று.

புளியமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் நிறுத்தினால் பிசினும் பறவை எச்சமும் விழும். எச்சம் வெயிலில் காய்ந்தால் தெளிபூச்சை அரித்துத் தழும்பாக்கும். ஈரத்துணியை அதன்மீது சற்றுநேரம் வைத்து ஊறவிட்டு, தேய்க்காமல் எடுக்கவேண்டும். செப்டம்பர் 8 பெருவிழாவுக்கு வேளாங்கண்ணி சென்று திரும்புவோர், கடற்காற்றின் உப்பை வண்டியின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் மறவாமல் கழுவிவிட வேண்டும். வர்ணம் பெயர்ந்த இடத்தில் உப்புப் படிந்தால் துரு விரைந்து பிடிக்கும்.

எப்போது மறுபடி பூசுவது என்பதை வண்டியே சொல்லும். நீர் தெளித்தால், தாமரை இலைத் தண்ணீர்போல முத்துமுத்தாகத் திரண்டு உருண்டால் காப்பு உயிரோடிருக்கிறது. பரந்து படிந்து நின்றால், நன்றாகக் கழுவிய பின்னும் அவ்வாறே நிற்குமானால், அது தீர்ந்துவிட்டது, மீண்டும் பூசுக. அப்போதும் மெருகிடவேண்டும் என்பதில்லை. பூசுவது அடிக்கடி நிகழலாம். தேய்ப்பது அரிதாகவே நிகழவேண்டும்.

இல்லத்தாரே, அடுத்த முறை பட்டறையில் வண்டியை விடும்போது ‘பாலிஷ் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “தேய்க்கப் போகிறீர்களா, பூசப் போகிறீர்களா? தேய்த்தால், அதன்பின் என்ன பூசுவீர்கள்?” என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்குச் செலவொன்றும் இல்லை. கேளாமல் விட்டால், தவணை கட்டி முடியும் முன்பே வர்ணம் போய்விடக்கூடும்.