எடைக்கல்லும் முத்திரையும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன போர்களும் முடிசூட்டு விழாக்களுமே. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஆண்டுகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் இன்னொருவரை வென்ற ஆண்டுகள். வாளெடுத்து வெல்லாமல் புகழ்பெற்ற நாடு ஒன்றுமே இல்லையா? உண்டு. அது ஒரு சிறு தீவு. இன்று பஹ்ரைன் என வழங்கும் அத்தீவை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் தில்முன் என்று அழைத்தனர்.

பாரசீக வளைகுடாவில் அமைந்த அத்தீவில் என்ன வளம் இருந்தது? நன்னீர் ஊற்றுகள் இருந்தன, பேரீச்சை இருந்தது, கடலில் முத்து கிடைத்தது. செம்புச் சுரங்கமோ பெருங்காடோ இல்லை. ஆனால் அதன் இருப்பிடம் அருமையானது. வடக்கே சுமேரியர் நாடு. அங்குத் தானியமும் கம்பளித் துணியும் மிகுதி, உலோகமோ இல்லை. தென்கிழக்கே மகன் என்னும் இன்றைய ஓமன். அது செம்பு விளைந்த மண். அதற்கும் அப்பால் மெலுக்கா. அது சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அங்கிருந்து சூதுபவள மணிகளும் மரமும் சென்றன. மெலுக்கா, மகன், தில்முன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் தன் தலைநகரத் துறையில் வந்து நின்றன என்று அக்காது நாட்டு மன்னன் சார்கோன் கி.மு. 23ஆம் நூற்றாண்டையொட்டிப் பெருமையுடன் பொறித்து வைத்தான்.

1953இல் கிளாப், ஜெஃப்ரி பிபி ஆகியோர் தலைமையில் டென்மார்க் நாட்டுக் குழு பஹ்ரைனில் அகழாய்வைத் தொடங்கியது. அங்கே ஒரு பழங்கோட்டையின் அடியில் புதைந்திருந்த நகரில் சில எடைக்கற்கள் கிடைத்தன. அவை மொகஞ்சதாரோவில் கிடைத்த கற்களின் அளவைச் சேர்ந்தவை! தில்முன் வணிகர் தொலைவிலிருந்த சிந்துவெளி மக்களின் எடையையே தம் எடையாகக் கொண்டிருந்தனர். சுமேரியரும் அதை மதித்தனர். 'ஊர்' என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரின் களிமண் பலகை ஒன்றில், 18 டன்னுக்கும் மேற்பட்ட செம்பு முதலில் தில்முன் எடையிலும், பின்பு ஊர் நகர எடையிலும் கணக்கிடப்பட்டுள்ளது.

பிறர் எடைக்கல்லைக் கடன் வாங்கியது தன்மானக் குறைவு அல்லவா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் தில்முன் முத்திரைகளைக் காண வேண்டும். தொடக்க கால வளைகுடா முத்திரைகள் சிலவற்றில் சிந்துவெளிக் காளையும் எழுத்துமே காணப்படுகின்றன. பின்னாளில் தில்முன் தனக்கென ஒரு முத்திரையை வகுத்துக்கொண்டது. வட்ட வடிவம், முதுகில் மூன்று கோடுகளும் நான்கு வட்டங்களும், முகப்பில் மான்களும், குழல் வைத்துப் பருகும் மனிதர்களும். அவ்வகை முத்திரை ஒன்று நம் குஜராத்தின் லோத்தலிலும் கிடைத்திருக்கிறது. ஆம், எடைக்கல் பிறருடையது, முத்திரை தன்னுடையது. இதுவே அத்தீவு நமக்குச் சொல்லும் பாடம் என்பேன்.

அக்காலத்தில் எல்லோரும் நேர்மையாளராக இருந்தனர் என்று நான் கூறவில்லை. தில்முனோடு செம்பு வணிகம் செய்த ஏயா-நாசிர் என்பவனுக்கு நன்னி என்பவன் கி.மு. 1750 அளவில் எழுதிய கடிதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லி மட்டமான சரக்கைக் காட்டினாய், என் ஆளை அவமதித்து வெறுங்கையுடன் அனுப்பினாய் என்று அதில் பொரிந்து தள்ளுகிறான் நன்னி. ஆனால் இது ஏமாற்றுக்கு மட்டுமா சான்று? சரக்கின் தரம் இன்னதென்று இருவரும் ஒப்பிய ஒழுங்கு இருந்ததால்தானே ஒருவன் முறையிட முடிகிறது! ஒழுங்கே இல்லாத இடத்தில் முறையீடு ஏது?

இச்செய்திகளை நண்பர்களிடம் சொன்னபோது எழுந்த முதல் கேள்வி, "மெலுக்கர் தமிழரா?" என்பது. அப்பெயர் 'மேலகம்' என்னும் திராவிடச் சொல்லாகலாம் என்று பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா கருதுகிறார். அது ஒரு கருத்து. சிந்துவெளி எழுத்து ஐயமறப் படிக்கப்படும் வரை அதை முடிவெனக் கொள்ளலாகாது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: வெவ்வேறு மொழி பேசியவர்கள் கடல் கடந்து ஒருவரையொருவர் நம்பியது எப்படி? பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் அக்காது முத்திரை அதற்கு ஒரு விடை தருகிறது. சூ-இலிசு என்னும் அதன் உரிமையாளன் மெலுக்கா மொழிபெயர்ப்பாளன். அயலார் மொழியைக் கற்பதே அன்று ஒருவனுக்குத் தொழிலாகவும் பெருமையாகவும் இருந்தது!

எல்லாம் எம்மிடமிருந்தே தோன்றின என்போர் ஒருபுறம். அயலாருடையதே உயர்ந்தது என்று தம் முகத்தையே மறப்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் தில்முனிடம் பாடம் கேட்க வேண்டும். கி.மு. 1900க்குப் பின் சிந்துவெளி நகரங்கள் நலிந்தன. பின்னர்ச் சைப்ரஸ் தீவின் செம்பு மெசபொத்தேமியச் சந்தைக்கு வந்தது. தில்முனின் வாணிகமும் மங்கியது. உறவு வளர்த்த தீவு, உறவு அற்றபோது தளர்ந்தது.

நண்பர்களே! பட்டம் பெற்று இக்கல்லூரியை விட்டு வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லவிருக்கிறோம். உலகம் ஒப்பும் அளவையைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஆனால் நாம் பதிக்கும் முத்திரை நம்முடையதாக இருக்கட்டும்.