தலையசைப்பும் சம்மதமும்

“தேநீர் வேண்டுமா, காப்பி வேண்டுமா?” என்று ஒருவரைக் கேட்கிறோம். “காப்பி” என்கிறார். காப்பி வருகிறது, குடிக்கிறார். அத்துடன் விஷயம் தீர்ந்தது என்று நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு வகை உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இத்துடன் திருப்தி அடைய மாட்டார்கள். சற்று நேரம் கழித்து, “காப்பி வேண்டுமா, தேநீர் வேண்டுமா?” என்று வார்த்தைகளை இடம் மாற்றிப் போட்டுக் கேட்பார்கள். இந்தத் தடவை “தேநீர்” என்று பதில் வந்தால், அவர்களுக்கு ஓர் உண்மை துலங்கிவிடும். அந்த மனிதர் தம் விருப்பத்தைச் சொல்லவே இல்லை. காதில் கடைசியாக விழுந்த சொல்லைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக அவருக்குக் காப்பியே பிடிக்காமல் இருந்திருக்கலாம். யார் கண்டது?

இவர்களுக்குப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் என்று பெயர். பெரும்பாலோர் பெண்மணிகள். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்குவாய் இருந்ததும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லயனல் லோக் என்பவர் அவருக்குப் பயிற்சி அளித்ததும், 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த சினிமாவின் மூலம் உலகமெல்லாம் தெரிந்த கதை. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், நாவைத் திருத்துவதும் மூச்சைப் பழக்குவதுமே இந்தத் தொழில் என்று எண்ணியிருப்பார்கள். அதுவும் அதில் ஒரு பகுதிதான். நாம் இந்த வாரம் சொல்ல வந்தது வேறொரு பகுதியைப் பற்றி. அந்தப் பக்கம் மன்னர்களும் வருவதில்லை. சினிமாக்காரர்களும் அவ்வளவாக வருவதில்லை.

அறிவுசார் குறைபாட்டோடு வளர்ந்து, இப்போது நாற்பது, ஐம்பது வயதை எட்டிவிட்ட ஆண்களும் பெண்களும் அங்கே வருகிறவர்கள். இங்கிலீஷில் இதைக் ‘கற்றல் குறைபாடு’ என்ற பொருள்படும் பெயரால் வழங்குகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பள்ளிப் பிள்ளைகளை இதனோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளக் கூடாது. பிரிட்டன் முழுவதிலும் இத்தகையவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1913-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் இவர்களை ‘இடியட்’ முதலிய பெயர்களால் தரம் பிரித்தது. அந்தச் சொற்களை இன்று தெருச் சண்டையில்தான் கேட்க முடியும்.

ஐம்பது வயதான ஒருவருக்கு இனிப் புதிதாக இலக்கணம் கற்பித்துச் சரளமாகப் பேச வைத்துவிடலாம் என்று எந்தச் சிகிச்சையாளரும் வாக்களிப்பதில்லை. பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை, சுற்றி இருப்பவர்களிடத்தில். சிகிச்சை ஒருவருக்கு, பத்தியம் மற்றவர்களுக்கு! உணவு ஊட்டுகிற பணியாளர், மாத்திரை கொடுக்கிற தாதி, ஊசி போடுகிற டாக்டர், வாரம் ஒரு முறை வந்து பார்க்கிற தங்கை ஆகிய அத்தனை பேரும் தங்கள் பேச்சைச் சுருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்து விநாடி மௌனமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சந்தேகப்படும் நேயர்கள் இன்றே வீட்டில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இப்படிக் காத்திருக்காமல் போனால் கிடைப்பது தலையசைப்பு. இந்தத் தலையசைப்புத்தான் இவர்களுடைய தொழிலில் பெரிய சத்துரு. 1981-இல் அமெரிக்காவில் கரோல் சிகல்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒரே விஷயத்தை நேராக ஒரு தடவையும் தலைகீழாக ஒரு தடவையும் கேட்டபோது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே பதில் சொன்னதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். காரணம் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. கேள்வி புரியவில்லை என்று ஒப்புக்கொள்வது வெட்கம். ‘ஆம்’ என்றால் கேட்டவர் சிரித்த முகத்துடன் போய்விடுகிறார். ‘இல்லை’ என்றால் அடுத்த கேள்வி வருகிறது. வாழ்நாளெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்து உண்டும் உடுத்தும் வந்தவர்கள், எந்தப் பதில் தொல்லை தராது என்பதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். புத்தி இல்லை என்று நாம் சொல்லுகிறவர்கள் இந்த மட்டில் வெகு புத்திசாலிகள்.

இந்தத் தலையசைப்பு காப்பியோடு நின்றுவிட்டால் நாமும் இதைப் பெரிதாக எழுத வந்திருக்க மாட்டோம். 1972-இல் லண்டனின் தென்பகுதியில் மாக்ஸ்வெல் கான்ஃபெயிட் என்பவர் கொலையுண்டார். போலீசார் மூன்று பிள்ளைகளைப் பிடித்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 18. அறிவுசார் குறைபாடு உள்ளவர். எதிரே இருப்பவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்று தெரிந்தால் அதையே சொல்லிவிடும் சுபாவம் படைத்தவர். பெற்றோரோ வேறு பெரியவர்களோ பக்கத்தில் இல்லாமலே விசாரணை நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் தயாராயிற்று. அவ்வருஷமே தண்டனையும் கிடைத்தது. 1975-இல் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்துச் செய்யும் வரையில் ஏறக்குறைய மூன்று வருஷம் போய்விட்டது. அந்த வழக்கு கிளப்பிய கூச்சலிலிருந்துதான் விசாரணைக் கமிஷன்கள் பிறந்தன. 1984-இல் போலீசுக்குப் புதுச் சட்டம் வந்தது. இத்தகைய ஒருவரை விசாரிக்கும்போது, அவருக்குத் துணையாகப் போலீசைச் சேராத ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்பது அதன்பின் விதியாயிற்று.

1999-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறவருக்குப் பேச்சில் துணை செய்ய ‘இடையாளர்’ என்று ஒருவரை நியமிக்கலாம். அந்தப் பணிக்கு வருகிறவர்களில் கணிசமானோர் நமது பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களே. சாட்சிக்கு எத்தகைய கேள்விகள் புரியும், எவை புரியா என்று முன்கூட்டியே சோதித்து நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் முதலில் தடுக்கச் சொல்லுவது எதை என்று நினைக்கிறீர்கள்? “நீர் அன்று அங்கே போகவில்லை, அல்லவா?” என்று வக்கீல்கள் வாக்கியத்துக்கு வால் கட்டுகிறார்களே, அந்த வாலைத்தான்! ‘அல்லவா’ என்று முடியும் கேள்வியில் விடை முன்பே அடங்கியிருக்கிறது. பதில் சொல்லுகிறவர் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. பத்திரிகைப் பத்தி எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சட்டத்தை விஸ்தரித்தால் எங்களில் பலர் பிழைப்புக்கு வேறு வழி தேட நேரிடும்.

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் சிலர். ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் யார்? அங்கேதான் தலையசைப்பு தினந்தோறும் சம்மதமாக மாறுகிறது. “சின்ன ஆபரேஷன், பயப்படாதீர்கள், சரிதானே?” என்று டாக்டர் சொல்ல, இவர் தலையை ஆட்ட, காகிதம் பூர்த்தியாகிவிடும். இதற்கு 2005-இல் அவர்கள் இயற்றிய சட்டம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வயது வந்த எவருக்கும் தம் காரியத்தைத் தாமே தீர்மானிக்கும் திறமை உண்டு என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்லுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அப்படிச் சொல்லுமுன், அவருக்குப் புரிய வைக்கக் கூடிய வழிகளையெல்லாம் கையாண்டு பார்த்திருக்க வேண்டும். எளிய வார்த்தை, படம், சைகை எதுவானாலும் சரி. சொன்னதைக் கொஞ்ச நேரமே நினைவில் வைத்திருந்தாலும் போதும். அவருடைய முடிவு பிறருக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை என்பதற்காக அவருக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. (இந்தக் கடைசி விதி மட்டும் இல்லாதிருந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?)

‘வழிகளையெல்லாம்’ என்று சட்டத்தில் ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். அந்த வார்த்தையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செய்து காட்டுகிறவர் சிகிச்சையாளர். ஒரு பெண்மணிக்கு மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படமெடுக்கும் யந்திரத்தின் புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, பக்கத்துக்கு ஒரு வாக்கியமாகச் சிறு புத்தகம் தயாரிக்கிறார். முன்னதாக ஒரு நாள் அழைத்துப் போய் அந்த அறையையே காட்டிவிட்டு வருகிறார். பிறகு, “புரிந்ததா?” என்று கேட்பதில்லை, அதற்கு விடை நமக்கே தெரியும். “அங்கே என்ன செய்வார்கள்? எனக்குச் சொல்லுங்கள்” என்கிறார். அந்த அம்மாள் தம் மார்பைத் தொட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினால் புரிந்தது என்று அர்த்தம். அதன்பின் அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அது அவருடைய ‘வேண்டாம்’.

பேச்சே இல்லாதவர்களிடம் என்ன செய்வது? 1972-இல் ஸர்ரே பிரதேசத்தில் போட்லீஸ் பார்க் என்ற பெரிய ஆஸ்பத்திரியில் மார்கரெட் வாக்கர் என்ற சிகிச்சையாளர் வேலை பார்த்தார். காதும் கேளாமல் அறிவுசார் குறைபாடும் உடையவர்களாய் அங்கே வசித்த சிலரோடு பேசுவதற்காக, பிரிட்டிஷ் சைகை பாஷையிலிருந்து தினசரி வாழ்க்கைக்கு வேண்டிய சைகைகளைப் பொறுக்கி எடுத்தார். பேசும்போது வாக்கியத்தின் முக்கியமான சொல்லுக்கு மட்டும் கூடவே சைகை காட்டுவது அந்த முறை. அதற்கு ‘மாக்கடன்’ என்று பெயர். கிரேக்கச் சொல்லாக்கும் என்று பண்டிதர்கள் அகராதியைப் புரட்ட வேண்டாம். மார்கரெட், காத்தி, டோனி என்று அதில் ஈடுபட்ட மூவர் பெயர்களின் தலையெழுத்துக்களைச் சேர்த்த சொல் அது. இன்று பிரிட்டனில் சின்னஞ்சிறு குழந்தைகளின் பள்ளிகளில்கூட அதைக் காணலாம்.

சைகையும் எட்டாதவர்களுக்குப் பொருள்களே சொற்களாகின்றன. கையில் துண்டைக் கொடுத்தால் குளியல். காரின் இருக்கைப் பட்டைத் துணுக்கைக் கொடுத்தால் வெளியே பயணம். அதற்கும் அப்பாற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தட்டைத் தள்ளுவதும், தலையைச் சுவரில் மோதுவதுமே பேச்சு. ‘அவருடைய குணமே அப்படி’ என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போவது சுலபம். முதலில் பல்லையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று பிடிவாதம் பிடிப்பது சிகிச்சையாளரின் வேலை.

தட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. விழுங்குவதில் உள்ள சிரமங்களைக் கவனிப்பதும் இதே சிகிச்சையாளர்களின் பொறுப்பு. உணவு மூச்சுக் குழலில் இறங்கினால் புரை ஏறும், நுரையீரல் கெடும், உயிருக்கே ஆபத்து. இத்தகையவர்களின் மரணத்துக்கு அது ஒரு முக்கிய காரணமாகவே இருந்து வருகிறது. ஆகவே தண்ணீர் முதல் சாதாரண உணவு வரையில் 0 முதல் 7 வரை எண்ணிட்ட சர்வதேசப் படித்தரம் ஒன்றை வைத்துக்கொண்டு, இவருக்கு இத்தனை கெட்டியாகப் பானம், இவ்வளவு மசித்த உணவு என்று திட்டம் எழுதுகிறார்கள். கெட்டியாக்கிய தேநீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பெருமை தெரியும்! அந்தத் தேநீரை ஒருவர் தினமும் தள்ளிவிடுகிறார். தள்ளுவது ‘வேண்டாம்’ என்பதா, அல்லது விழுங்க முடியவில்லை என்பதா? வேண்டாம் என்பதேயானால், மெல்லிய தேநீரால் வரும் ஆபத்து அவருக்குத் தெரியுமா? விருப்பத்தைக் கேட்கக் கற்றுக் கொடுத்த அதே மனுஷிதான் இப்போது ஆபத்தையும் சொல்ல வேண்டியவள். குடும்பத்தார், தாதி, டாக்டர் எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எல்லாச் சமயத்திலும் முடிவு ஒன்றாக இருப்பதில்லை; இருக்கவும் முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு வெற்றி கிட்டினால் அது எந்த உருவத்தில் வரும் தெரியுமா? புகாராக வரும். “இத்தனை நாளாகச் சாதுவாக இருந்தார். நீங்கள் வந்துபோன பிறகு எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறார்” என்று விடுதியிலிருந்து டெலிபோன் வரும். படம் ஒட்டிய அட்டைகளில் ‘வேண்டாம்’ அட்டைதான் முதலில் கிழிந்து போகும் என்றும், அதில் இரண்டு மூன்று பிரதி செய்து வைப்பது நல்லது என்றும் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லி வைப்பது நியாயந்தான். காலைக் குளியலை மாலைக்கு மாற்றச் சொன்னால் பணியாளர்களின் முறைப் பட்டியலையே மாற்ற வேண்டும். சாதுவாக இருப்பவரை வைத்துக்கொள்வதுதான் எவருக்கும் சௌகரியம்.

அந்தப் பணியாளர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் சொற்பம், வேலை கடுமை, வருஷத்துக்குள் பாதிப் பேர் மாறிவிடும் இடங்களும் உண்டு. சிகிச்சையாளர் வந்து சில வாரங்கள் சைகைகளைச் சொல்லிக் கொடுக்கிறார். ஒருவருடைய விருப்பு வெறுப்புகள், அவர் ‘ஆம்’ என்பதற்குச் செய்யும் கண்ணசைவு, ‘போதும்’ என்பதற்குச் செய்யும் முனகல் எல்லாவற்றையும் படங்களோடு ஒரு சிறு புத்தகமாக எழுதி, விடுதியில் வைத்துவிட்டுப் போகிறார். கற்றுக்கொண்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விட, புதிதாக வந்தவர்கள் உரத்த குரலில், “உங்களுக்கு இது பிடிக்கும், இல்லையா?” என்று மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். அவரும் தலையை ஆட்டுகிறார். ஆறு மாதம் கழித்துச் சிகிச்சையாளர் திரும்பி வரும்போது நேரே போய்த் திறந்து பார்ப்பது சமையலறை மேஜையின் இழுப்பறையைத்தான். புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; அழுக்குப் படியாமல், முனை மடங்காமல், கொடுத்த நாளில் இருந்தது போலவே இருக்கும். அதை எடுத்துத் தட்டி வெளியே வைத்துவிட்டு, அன்று முறையில் இருக்கும் புதுப் பணியாளரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதல் பக்கத்தைத் திருப்புகிறார்.