டி.வி. வாங்கப் போகிறீர்களா? கறுப்பைப் பாருங்கள்!

டி.வி. கடைக்குப் போனால் கண் கூசுகிறது.

சுவர் முழுவதும் டி.வி. பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடுகிறது. பச்சைக்கிளி பறக்கிறது. பூ விரிகிறது. ஆரஞ்சுப் பழத்தை அறுக்கிறார்கள். சாறு சொட்டுகிறது.

எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. எது அதிகமாகப் பளபளக்கிறதோ, அதைக் கை காட்டிவிடுகிறோம்.

அங்கேதான் தவறு செய்கிறோம்!

என் அக்காள் வீட்டில் சென்ற தீபாவளிக்குப் புதிய டி.வி. வாங்கினார்கள். 55 அங்குலம். அத்தானின் போனஸ் பணம் முழுவதும் போயிற்று. அது போதாமல் மாதத் தவணை வேறு.

கடையில் அந்தப் பெட்டி கண்ணைப் பறித்தது. வீட்டில் மாட்டினார்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பேய்ப் படம்.

நடுக்காடு. நள்ளிரவு. கதாநாயகி தனியாக நடந்து வருகிறாள். மரமும் தெரியவில்லை, இருட்டும் தெரியவில்லை. திரை முழுவதும் சாம்பல் நிறம்.

"இதென்ன, அமாவாசை இரவில் பனி மூட்டமா?" என்று கேட்டார் அம்மா. "நம் பழைய பெட்டியில் இருட்டு இருட்டாகத் தெரியுமே!"

அத்தான் பதில் சொல்லவில்லை.

அம்மா சொன்னது உண்மை. எங்கள் பழைய பெட்டி 14 அங்குலம். தமிழ்நாடு அரசு 2006-ம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிய வண்ணப் பெட்டி. பின்பக்கம் வயிறு புடைத்திருக்கும். அதற்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். குழாயின் பின்புறமிருந்து எலெக்ட்ரான் கதிர் பாய்ந்து வந்து திரையைத் தாக்கும். தாக்கிய இடம் ஒளிரும். தாக்காத இடம் ஒளிராது. அதனால் இருட்டு இருட்டாகவே இருந்தது.

புதிய பெட்டியில் நடப்பது வேறு.

விளக்கும் ஜன்னலும்

எல்.இ.டி. டி.வி. என்கிறோம். எல்.இ.டி. என்பது படம் அல்ல. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு!

அந்த விளக்குக்கு முன்னால் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு ஜன்னல்கள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை. திரவப் படிகம் என்ற பொருள் அந்த ஜன்னல்களைத் திறக்கும், மூடும். இதுதான் எல்.சி.டி. முன்பு பின்னால் மெல்லிய டியூப் லைட்டுகள் இருந்தன. இப்போது எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. விளக்கு மாறியதும் பெட்டியின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஜன்னல் மாறவில்லை.

கறுப்பு வேண்டுமானால் ஜன்னலை மூட வேண்டும். ஆனால் அது முழுவதும் மூடாது. இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். அக்காள் வீட்டுத் திரையில் நாங்கள் பார்த்த சாம்பல் அந்தக் கசிவுதான்.

அப்படியானால் கடையில் ஏன் தெரியவில்லை?

கடையில் நூறு விளக்குகள் எரிகின்றன. அந்த வெளிச்சம் திரையின் மேல் விழுகிறது. அங்கே எந்தப் பெட்டியின் கறுப்பையும் எடை போட முடியாது. கிளிக்கும் ஆரஞ்சுக்கும் கறுப்பு தேவையும் இல்லை!

யார் எங்கே உட்காருகிறார்கள்?

ஜன்னலிலும் இரண்டு சாதி உண்டு.

ஒன்று ஐ.பி.எஸ். இதில் கறுப்பைப்போல் வெள்ளை சுமார் ஆயிரம் மடங்கு ஒளியாக இருக்கும். மற்றொன்று வி.ஏ. இதில் 3 ஆயிரம் மடங்கு, அதற்கு மேலும் இருக்கும். அதாவது, வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும்.

உடனே வி.ஏ. வாங்க ஓடாதீர்கள். அதை நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் போனால் நிறம் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். திரை பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவ்வளவாக மாறாது.

நம் வீடுகளில் எப்படிப் பார்க்கிறோம்? அப்பா நாற்காலியில் இருப்பார். குழந்தைகள் தரையில் படுத்திருப்பார்கள். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டே பார்ப்பார். டி.வி.க்கு நேர் எதிரே உட்காருபவர் ஒருவரோ இருவரோதான். பணம் கொடுத்து வாங்கிய படத்தை அம்மா மட்டும் வெளுத்துப் பார்க்க வேண்டுமா?

பகலில் ஜன்னல் திறந்திருக்கும் கூடம், ஆளுக்கொரு மூலையில் உட்காரும் குடும்பம் என்றால் ஐ.பி.எஸ். போதும் என்பேன். இரவில் விளக்கணைத்து, நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வி.ஏ. நல்லது. விலைச் சீட்டில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

வால் முளைத்த வட்டம்

அடுத்தது கியூ.எல்.இ.டி. இன்னொன்று ஓ.எல்.இ.டி. ஆங்கிலத்தில் கியூ, ஓ இரண்டும் வட்டம்தான். ஒன்றுக்கு வால் இருக்கிறது. மற்றொன்றுக்கு இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

கியூ.எல்.இ.டி.யும் விளக்கு, ஜன்னல் கதைதான். நடுவில் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்ணிய துகள்கள் பூசிய படலம் ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், சில பங்கு அளவே உள்ள துகள்கள். அவற்றால் நிறம் தூய்மையாகிறது. இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023-ம் ஆண்டில் பாவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நிறத்துக்கு இது நல்லது. கறுப்புக்கு இதனால் பயன் இல்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது!

மினி எல்.இ.டி. என்ற வகையில் பின்னால் மிகச் சிறிய விளக்குகளை ஏராளமாகப் பதிக்கிறார்கள். திரையைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதியில் மட்டும் விளக்கைத் தணிக்கிறார்கள். கறுப்பு நன்றாக வருகிறது. ஆனால் கறுத்த வானில் நிலவு வந்தால், அதைச் சுற்றிச் சிறிது ஒளிவட்டம் தெரியலாம்.

ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. கறுப்பு வேண்டுமா? அந்தப் புள்ளி அணைந்துவிடும். ஒளி இல்லாத உண்மையான கறுப்பு! பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் கெடாது. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி விஞ்ஞானிகள் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரும் 1987-ம் ஆண்டில் இதற்கு வழி காட்டினார்கள். 2007-ம் ஆண்டில் சோனி கம்பெனி இந்த முறையில் முதல் டி.வி.யை விற்றது. அதன் அளவு 11 அங்குலம்!

அப்படியானால் எல்லோரும் ஓ.எல்.இ.டி. வாங்கலாமா?

வேண்டாம் என்கிறேன். விலை அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரே உருவம் திரையில் ஒரே இடத்தில் பல மாதங்கள் தொடர்ந்து நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் தேய்ந்து தழும்பு விழலாம். நம் செய்திச் சேனல்களைப் பாருங்கள். மூலையில் முத்திரை. கீழே சிவப்புப் பட்டை. அதற்குக் கீழே இன்னொரு பட்டை. காலையில் போட்ட செய்தி இரவு படுக்கும் வரை ஓடும் வீடுகள் எத்தனை! அந்த வீடுகளுக்கு ஓ.எல்.இ.டி. ஏற்றதல்ல. இரவில் இருட்டறையில் சினிமா பார்க்கும் ஆசையும், அதற்குப் பணமும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

20 மடங்கு

4 கே என்று ஒரு மந்திரம் இருக்கிறது. 4 கே திரையில் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள் உண்டு. ஆனால் எஸ்.டி. என்ற பழைய முறையில் வரும் சேனலில் இருப்பது 4 லட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளிகள். சேனல் ஒரு புள்ளி கொடுத்தால் டி.வி. அதை 20 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டும். ஒரு படி மாவில் இருபது பேருக்குத் தோசை வார்த்த கதை! பெரிய திரையில் சீரியல் முகங்கள் மங்கலாகத் தெரிவது இதனால்தான். டி.வி.யின் மேல் குற்றம் இல்லை.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களின் ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22-ந் தேதி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. பெரிய பெட்டி மேல் ஆசை கூடிவிட்டது. ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் கேபிளில் எஸ்.டி. சேனல் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 55 அங்குலம் எதற்கு? 43 அங்குலத்தில் அதே படம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ரிமோட்டைக் கேளுங்கள்

கடையில் கூச்சப்படாதீர்கள். ரிமோட்டைக் கையில் வாங்குங்கள். கடைக்காகப் பளிச்சென்று வைத்திருக்கும் அமைப்பை மாற்றி, "சினிமா" அல்லது "மூவி" என்ற அமைப்பில் வையுங்கள். பளபளப்பு பாதி போய்விடும். மிஞ்சுவதுதான் உங்கள் டி.வி.

பென் டிரைவில் ஓர் இரவுக் காட்சியைக் கொண்டு போங்கள். போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்து நின்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனலையும் போடச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கிறவருக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா?

அக்காள் வீட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. போன மாதம் போயிருந்தபோது நானே ரிமோட்டை எடுத்தேன். சினிமா அமைப்புக்கு மாற்றினேன். திரையின் பின்விளக்கைத் தணித்தேன். டி.வி.க்குப் பின்னால், சுவரில் மட்டும் ஒளி படும்படி சிறிய இரவு விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால், திரையின் சாம்பல் நிறம் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும்.

அதே பேய்ப் படத்தைப் போட்டோம்.

"இப்போது கொஞ்சம் இரவு மாதிரி இருக்கிறது" என்றார் அம்மா.

அத்தானுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது.