விண்கலம் போன பிறகு

கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையை அடுத்த கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகிலிருந்த ஆராய்ச்சியாளர்கள் தலைதூக்க முடியாமல் குமட்டிக் கிடந்தார்கள். அவர்கள் யாரைச் சோதிக்க வந்தார்களோ, அந்த ஆட்கள் சாவகாசமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சோதிக்க வந்தவர்களுக்கு உடம்பு முடியாமல் போனதால் சோதனையே கைவிடப்பட்டது.

சீட்டாடியவர்கள் காது கேளாதவர்கள். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே நடக்கும், அன்று கல்லூரியாக இருந்த காலடெட்டிலிருந்து 1950களின் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 11 ஆண்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய கேட்கும் திறனையும் இளவயதில் வந்த மூளைக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. கூடவே, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உட்காதின் உறுப்பையும் அது பழுதாக்கியிருந்தது. ஆகவே எவ்வளவு ஆட்டினாலும் அவர்களுக்குத் தலை சுற்றாது, குமட்டாது. எடையற்ற வெளியில் மனித உடல் என்ன பாடுபடும் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நாசாவுக்கும் அமெரிக்கக் கடற்படைக்கும் இவர்கள் தேடினாலும் கிடைக்காத ஆட்கள். நிமிடத்துக்கு 10 முறை சுழலும் ஓர் அறைக்குள் இவர்களில் நான்கு பேர் தொடர்ந்து 12 நாள் தங்கியிருந்தார்கள். பத்தாண்டு இப்படியே போயிற்று. விண்வெளிக்கு உடலளவில் இவர்களைவிடத் தோதானவர்கள் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒருவரும் விண்வெளிக்குப் போகவில்லை. கிடைத்த விவரங்கள் காது கேட்பவர்களுக்குப் பயன்பட்டன.

இதே ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியும் விண்வெளிக்குக் கிளம்பியது. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில், வேற்றுக்கோளில் இறங்கும் மாலுமிகள் அங்கிருப்பவர்களோடு சரளமாக ஆங்கிலத்தில் பேசுவார்கள். எந்த மொழியையும் மாற்றித் தரும் கருவி ஒன்று அவர்களிடம் உண்டு. கதைக்கு அது வசதி. வாரத்துக்கு ஒரு கோள் என்றால் வாரத்துக்கு ஒரு மொழி கற்க முடியுமா? ஆனால் பேச்சு நின்றுபோன ஒரு மனிதன் வந்தால் கதை நடக்கும் நூற்றாண்டுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தொடர் தொடங்கிய ஆண்டே, விபத்தில் உருக்குலைந்த கேப்டன் பைக் சக்கர நாற்காலியில் வருகிறார். விளக்கு ஒருமுறை மின்னினால் ஆம், இருமுறை மின்னினால் இல்லை. 23ஆம் நூற்றாண்டின் பொறியாளர்களுக்கு அதற்குமேல் எட்டவில்லை. இருபது ஆண்டுக்குள் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஹாக்கிங் கணினிக் குரலில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். 1993இல் அவரே ஸ்டார் ட்ரெக்கின் பிற்காலத் தொடர் ஒன்றில் ஹாக்கிங்காக வந்து சீட்டாடிவிட்டும் போனார். சீட்டுக்கட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஏதோ பொருத்தம்.

1968 டிசம்பரில், அந்தப் பழைய தொடரில் இன்னொருத்தி வந்தாள். குரலே இல்லாத இனத்தைச் சேர்ந்த பெண். அவளுக்கு 'ஜெம்' என்று பெயர் வைப்பதுகூடக் கப்பலின் மருத்துவர்தான். பிறர் வலியைத் தன் உடலில் ஏற்று ஆற்றுகிறாள். விழி விரித்துப் பார்க்கிறாள். கையால் ஒரு சொல் சொல்வதில்லை. குரலில்லாத ஓர் இனம் ஒருவருக்கொருவர் பேச ஏதாவது வழி கண்டிருக்கும் அல்லவா என்ற கேள்வியே அந்தக் கதையில் எழவில்லை. வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆசிரியர் அமெரிக்கச் சைகை மொழிக்கும் சொல்லமைப்பும் இலக்கணமும் உண்டு என்று 1960இலேயே காட்டிவிட்டார். அதுவும் காலடெட்டிலிருந்துதான். தொலைக்காட்சிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இந்த மறதிக்கு வேர் ஆழமானது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. வந்திருந்த 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவரே. பள்ளிகளில் வாய்ப்பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தார்கள். அதன்பின் பல நாடுகளில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பாடம் ஊகிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கட்சிக்கு அமெரிக்காவில் முன்னின்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அவரே காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பித்தவர். பேச்சைக் கண்ணுக்குப் புலப்படுத்த முடியுமா என்று முயன்ற கையோடுதான் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டால் மனித குலத்தில் ஒரு செவிட்டுக் கிளை உருவாகிவிடும் என்று 1883இல் எச்சரித்தவரும் அவரே. அவர் கண்டுபிடித்த கருவியின் பேரப்பிள்ளைதான் ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் கிர்க் கையில் மடக்கித் திறக்கும் தொடர்புக் கருவி. காதை நம்பிப் பிறந்த தொழில்நுட்பத்தை நீட்டிக்கொண்டே போன எதிர்காலமும் காதை நம்பியே இருந்ததில் வியப்பில்லை.

திரையின் கதையும் இதுதான். பேசாத படங்களின் காலத்தில் காது கேளாதவரும் கேட்பவரும் அருகருகே உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். சாப்ளினின் நண்பரான ஓவியர் கிரான்வில் ரெட்மண்ட் காது கேளாதவர். சாப்ளின் படங்களில் நடித்தும் இருக்கிறார். 1927க்குப் பிறகு திரை பேசத் தொடங்கியதும் ஒரு கூட்டம் அரங்கத்துக்கு வெளியே நின்றது. தமிழில் அந்தப் பழைய படங்களுக்கு ஊமைப்படம் என்றல்லவா பெயர் வைத்தோம்? 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று கூசாமல் எழுதும் நாம் அமெரிக்கத் தொடர்களை ரொம்பவும் குறை சொல்லிவிட முடியாது.

1988 மார்ச்சில் காலடெட் மாணவர்கள் வளாக வாயில்களை அடைத்தார்கள். காலடெட்டின் 124 ஆண்டு வரலாற்றில் காது கேளாத ஒருவர் அதற்குத் தலைவராக இருந்ததே இல்லை. இந்த முறையும் காது கேட்கும் ஒருவரைத்தான் நிர்வாகம் நியமித்திருந்தது. ஒரு வாரப் போராட்டம். முடிவில் ஐ. கிங் ஜோர்டன் என்ற காது கேளாத பேராசிரியர் தலைவரானார். அதற்குப் பத்து மாதம் கழித்து, 1989 ஜனவரியில், 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 'லவுட் ஆஸ் எ விஸ்பர்' என்ற கதை ஒளிபரப்பானது.

கதையின் நாயகன் ரிவா, போர்களைத் தீர்த்துவைக்கும் பேர்பெற்ற நடுவர். பிறவியிலேயே காது கேளாதவர்; அவர் குலமே அப்படி. அவருக்காகப் பேச மூன்று பேர் எப்போதும் கூடவே நிற்கிறார்கள். ஒருவர் அறிவின் குரல், ஒருவர் ஆசையின் குரல், மூன்றாமவர் இரண்டையும் சமன் செய்யும் பெண். ரிவா நினைப்பதை அவர்கள் சொல்கிறார்கள். பல தலைமுறையாக அடித்துக்கொள்ளும் இரு கூட்டத்தைச் சமாதானம் செய்ய ரிவா இறங்கும் இடத்தில் ஒருவன் சுட, மூவரும் ஒரே நொடியில் செத்துப்போகிறார்கள். ரிவா தவித்துப்போய்க் கைகளால் கொட்டித் தீர்க்கிறார். கப்பலில் ஒருவருக்கும் புரியவில்லை. கேப்டன் பிக்கார்ட் அவர் முகத்தை இரு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நீங்கள் தனியாள் இல்லை என்கிறார். உதட்டைப் பார்க்கச் சொல்லி முகத்தைப் பிடித்துத் திருப்புவதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா, மிலானின் மிச்சம் என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு இரண்டும் தெரிகிறது.

ரிவாவாக நடித்த ஹோவி சீகோ காது கேளாதவர். முதலில் எழுதிய திரைக்கதையில், மூவரும் இறந்த பிறகு ரிவா பேசக் கற்றுக்கொள்வதாக இருந்தது. ஒரே இரவில்! வாய்ப்பேச்சுப் பயிற்சி என்றால் என்னவென்று ஆண்டுக்கணக்கில் பட்டறிந்த சீகோ, இது ஆகாது என்றார். பார்க்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டு முடிவை மாற்றினார்கள். மாறிய முடிவில் ரிவா பேசவில்லை. போரிடும் இரு தரப்பும் தன்னிடம் வந்து சைகை மொழி கற்கட்டும், கற்றுக்கொள்ளும் அந்த மாதங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பழகுவார்கள் என்று சொல்லி அந்தக் கோளிலேயே தங்கிவிடுகிறார். அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சியில் சுமை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிய தருணம் இது. மாற்றியவர் எழுத்தாளர் அல்ல, அங்கே இருந்த ஒரு காது கேளாத நடிகர். இந்த வரலாறு முழுக்கத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்: அறையில் காது கேளாதவர் ஒருவர் இருந்தால் கதை ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம்.

குறைகளும் உண்டு. ரிவாவின் மூன்று குரல்களுக்கும் தமக்கென ஒரு வாழ்க்கை இல்லை. செத்த பிறகு அவர்களுக்காக அழ ஆளும் இல்லை. சைகை மொழியைக் கப்பலில் கற்பது யார்? டேட்டா என்ற இயந்திர மனிதன். கணினியில் பார்த்து மடமடவென்று மனப்பாடம் செய்துவிடுகிறான். சதையும் ரத்தமுமாக இருக்கும் ஆயிரம் பேரில் ஒருவரும் கற்பதாக இல்லை. இன்னொன்று, கதைக்கு வெளியே: அன்று அமெரிக்காவில் ஒருவர் தொலைக்காட்சியில் வசன எழுத்துகளைப் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டி வாங்கி இணைக்க வேண்டும். அந்த வசதியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்க வேண்டும் என்ற சட்டம் 1990இல்தான் வந்தது, 1993இல்தான் நடப்புக்கு வந்தது. கதை நடக்கும் 24ஆம் நூற்றாண்டில் ரிவாவுக்குக் கிடைத்த மரியாதையை, அவரைப் போன்ற பலரால் அன்று வசனம் புரிந்து பார்த்திருக்க முடியாது.

பிறகு நீண்ட இடைவெளி. 2015 அக்டோபரில் பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடர் இரண்டு வாரக் கதையொன்றில் காஸ் என்ற பெண்ணைக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் ஓர் ஏரிக்கடியில் இயங்கும் நிலையம். தலைமை அதிகாரி இறந்ததும் பொறுப்பு காஸிடம் வருகிறது. நடித்தவர் சோஃபி ஸ்டோன், லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்த முதல் காது கேளாத மாணவி. காஸுக்குக் காது கேட்காதது கதையில் ஒரு பிரச்சினையே இல்லை. அவள் அதிகாரி, அவ்வளவுதான்; பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். நிலையத்தில் உலவி வாயசைக்கும் பேய்கள் என்ன சொல்கின்றன என்று கண்டுபிடிப்பவள் அவளே. பிரபஞ்சத்தின் எந்த மொழியையும் புரியவைக்கும், தொடரின் நாயகனான டாக்டரின் கலம் அவள் கைகளைக் கண்டு திகைக்கிறது. தனக்குச் சைகை மொழி தெரியும் என்று டாக்டர் ஆரம்பித்துப் பார்க்கிறார். கொடியசைத்துச் செய்தி சொல்லும் கலைக்கு இடம் வேண்டி அது மூளையிலிருந்து அழிந்துபோயிருக்கிறது. சிரிப்பு வருகிறது; சிரித்த பிறகு கொஞ்சம் உறுத்துகிறது. இரண்டாம் வாரத்தில் பேய் ஒன்று கோடரியைத் தரையில் இழுத்தபடி அவள் பின்னாலேயே வருகிறது. நமக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. அவள் நின்று, குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைக்கிறாள். அதிர்வு கைக்கு வந்துவிடுகிறது. பார்ப்பவர் பதறுவதற்காக வைத்த காட்சி அவள் திறமையில் முடிகிறது.

'ஸ்டார் வார்ஸ்' உலகத்தின் டஸ்கன்கள் 1977இலிருந்து வெறும் கத்தல் மட்டுமே. முகத்தை மூடிய பாலைவனக் கொள்ளைக்காரர்கள், கோவேறு கழுதையின் குரலிலிருந்து எடுத்த கனைப்பு. 2019இல் 'தி மேண்டலோரியன்' தொடர் அவர்களுக்கு ஒரு மொழி தர நினைத்தபோது டிராய் கோட்சரை அழைத்தது. 'கோடா' படத்துக்காக 2022இல் ஆஸ்கர் வாங்கிய அதே காது கேளாத நடிகர். அமெரிக்கச் சைகை மொழியை அப்படியே போடாமல், மணலில் வாழும் ஒரு கூட்டத்தின் கை எப்படிப் பேசும் என்று யோசித்துப் புது மொழி அமைத்தார். டஸ்கனாக நடித்தும் காட்டினார். இங்கே பேசுபவர்கள் யாருக்கும் காது பழுதில்லை. குறைக்கு மருந்தாக வராமல், ஒரு மக்களின் மொழியாகவே சைகை வருகிறது. வழி விடும்படி நாயகன் அவர்களோடு பேரம் பேசுவதும் கையால்தான். நாற்பது ஆண்டாக மிருகமாய்த் தெரிந்தவர்கள் அந்தச் சில நிமிடங்களில் ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

2024 ஜனவரியில் வந்த 'எக்கோ' தொடரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிட்டது. மாயா லோபஸாக நடித்த அலாக்வா காக்ஸ் காது கேளாதவர். மாயாவைச் சொந்தப் பெண்ணைப்போல வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் குற்றவுலகப் பெரும்புள்ளி வில்சன் ஃபிஸ்க் அவளுக்கு ஒரு பரிசு கொண்டுவருகிறார். கண்ணில் பொருத்தும் வில்லை. அதைப் போட்டுக்கொண்டால் அவர் பேசுவது அவள் கண்முன் கைகளாக விரிந்து சைகை செய்யும். 1960களின் எழுத்தாளர்கள் கண்டிருந்தால் இதுதான் எதிர்காலம் என்று கொண்டாடியிருப்பார்கள். இந்தத் தொடரில் அது வில்லனின் கையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுப் பாசத்தில் அவர் சைகை மொழியைக் கற்கவில்லை; அதற்கு ஈடாகக் கொண்டுவந்ததுதான் அந்த வில்லை.

கதைக்கு வெளியேயும் இந்த வில்லை உண்டு. சைகையைக் குரலாக்கும் கையுறையை யாராவது ஒரு கல்லூரி மாணவர் சில ஆண்டுக்கொருமுறை கண்டுபிடிக்கிறார், பாராட்டு வாங்குகிறார். 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் அப்படியொன்றுக்கு லெமல்சன்–எம்ஐடி பரிசு பெற்றார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் பாதி புருவத்திலும் உதட்டிலும் தோளிலும் இருக்கிறதே, கையுறைக்கு அது எப்படித் தெரியும் என்று காது கேளாதவர்கள் கேட்டார்கள். நாங்கள் கையுறை மாட்ட வேண்டும், நீங்கள் சும்மா நின்று கேட்பீர்களா என்றும் கேட்டார்கள்.

ரிவா அந்தக் கோளில் என்ன ஆனார் என்பது நமக்குத் தெரியாது. விண்கலம் கிளம்புகிறது, பாறைகளுக்கு நடுவே அவர் நிற்கிறார். துப்பாக்கி பிடித்தே மரத்துப்போன விரல்கள் முதல் சொல்லைத் தப்பாகப் போட்டதும், எதிர்த்தரப்புக்காரன் அடக்க முடியாமல் சிரித்ததும், ஒருவன் கோபித்து எழுந்து போய்விட்டு மறுநாள் திரும்பி வந்ததும், நடந்திருந்தால், காமிரா இல்லாத இடத்தில் நடந்தவை. தொடர் அந்தக் கோளுக்குத் திரும்பிப் போகவே இல்லை. அடுத்த கதையில் கப்பலுக்கு வேறு கோள், வேறு மொழி, அதே மொழிபெயர்ப்புக் கருவி.