கிணறும் சந்தையும்

ஒரு கிலோகிராம் அரிசியை விளைவிக்க ஏறத்தாழ 2,500 லீற்றர் தண்ணீர் வேண்டுமென்று ஓர் உலகச் சராசரிக் கணக்கு உலவுகின்றது. அக்கணக்கைக் கையிலேந்திக்கொண்டு, ஆறில்லாத யாழ்ப்பாணத்தார் ஏன் பயிர்செய்து தண்ணீரைத் தீர்க்க வேண்டும், உணவை வெளியிலிருந்து வாங்கினால் அதனுள் அடங்கிய தண்ணீரையும் வாங்கியவராவோமே என்று அறிவுரை பகர்வோர் எம்மிடையே பெருகி வருகின்றனர். மேடைகளிலே இவ்வாதத்தைக் கேட்கின்றோம். இப்பொழுது எமது மாணவரின் பரீட்சை விடைகளிலும் காண்கின்றோம். ஆதலின் இதனை வாளாவிட்டிருத்தல் தகாது.

இவ்வாதத்தின் மூலவர் இலண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ரொனி அலன். மத்திய கிழக்கு நாடுகள் தண்ணீருக்காகப் போர் தொடுக்காமைக்குக் காரணம், அவை தானியத்தின் வடிவிலே தண்ணீரை இறக்குமதி செய்தமையே என 1990களின் முற்பகுதியில் அவர் விளக்கினார். 'மறைநீர்' எனத் தமிழில் வழங்கும் இக்கருத்தில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. பாலைவனத்தின் அடியிலிருந்த தொன்மைநீரை இறைத்துக் கோதுமை விளைவித்து, அதனை ஏற்றுமதியும் செய்த சவூதி அரேபியா, 2016இல் அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. தன்னிறைவு என்ற சொல்லை மந்திரம்போல் ஓதுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

ஆனால் அலனின் கருத்தை இங்கு கொண்டுவந்து ஒப்புவிப்போர், எந்தத் தண்ணீர் என்ற கேள்வியைக் கேட்பதேயில்லை. குடாநாட்டின் நெல், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பொழியும் மாரிமழையை நம்பி விளைவது. அந்நெல்லை விதையாது விட்டால் அம்மழை எங்கும் சேமிக்கப்படப் போவதில்லை. வரம்பு கட்டிய வயலிலே தேங்கி நிலத்துக்குட் சுவறும் நீரும் வாய்க்கால் வழியே கடலையடையும், அவ்வளவே. கிணற்றைக் குடிப்பவை வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் புகையிலையும். இவற்றுட் புகையிலை உணவுமன்று. எனவே 2,500 லீற்றர் என்ற பேரெண்ணைக் காட்டி நெல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, வழக்கை ஆள்மாறி விசாரிப்பதாகும்.

கிணற்றின் கதை வேறு. எமது சுண்ணக்கற் பாறையின் துவாரங்களிலே நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் விதி. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி எழும் என்பதே அதன் மறுபக்கம். துலா மிதித்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இயந்திரத்தை இரவு பகலாக ஓடச் செய்தது யார்? கமக்காரனின் பேராசை என்று சொல்லிவிடுதல் எளிது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது; செம்மண் தோட்டங்கள் செழித்தன. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது. விலை விழும்போது கடன்பட்டவன் குறைவாகப் பயிரிடுவதில்லை. அதே பணத்தைப் பெறக் கூடுதலாகப் பயிரிடுகின்றான், கூடுதலாக இறைக்கின்றான், கூடுதலாக உரமிடுகின்றான். அந்த உரத்தின் நைத்திரேற்று இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே குடிநீருக்குரிய அளவைக் கடந்து நிற்கின்றது. வர்த்தகக் கொள்கையின் ஒவ்வோர் ஊசலாட்டத்துக்கும் கிணறே வட்டி கட்டியிருக்கின்றது.

(1970களைப் பொற்காலமாகப் பாடுவோரிடம் ஒரு வார்த்தை. அன்று வெங்காயத்தாற் செல்வமீட்டியவர் காணியும் கிணறும் உடையோர். ஊர்க் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்கள் அத்தோட்டங்களிற் கூலிகளாயினர். எமது தண்ணீர்ப் பஞ்சம் முழுவதையும் இயற்கை செய்யவில்லை.)

சரி, சந்தையையே நம்புவோம் என்றால், அச்சந்தை யாருடையது? 2019 செப்டெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2023 டிசெம்பரில் மீண்டும் தடைசெய்தது. 2023 ஜூலையில் வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. தன் மக்களின் அடுப்பை முதலிற் கவனித்த அந்நாட்டை நாம் குறைகூறோம். 2022இல் இலங்கையிடம் வாங்குவதற்கு டொலரே இருக்கவில்லை. தானியத்தினுள் மறைந்திருந்த நீர் மறைந்தவாறே இருந்தது. இன்னொன்று: உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அனுப்பும் இந்தியாவின் களஞ்சியங்களை நிரப்பும் பஞ்சாபிலே, நிலத்தடி நீர் ஆண்டுதோறும் தாழ்கின்றது. நாற்று நடும் நாளையே 2009இல் சட்டத்தாற் பின்தள்ள வேண்டியதாயிற்று. நாம் மலிவாக வாங்குவதாக எண்ணும் தண்ணீர், இன்னொரு விவசாயியின் வற்றுங் கிணறு.

ஆகவே இறக்குமதியா, உள்ளூர் விளைச்சலா என்று பட்டிமன்றம் நடத்த நாம் முன்வரவில்லை. மழையால் விளைவதை மழையால் விளைவிப்போம். கிணறு தாங்காததை வாங்குவோம். ஆனால் எதனை எவ்வளவு வாங்குவதென்பது நடுகைக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். விசேட வர்த்தகப் பண்ட வரியை அறுவடை வேளையிலே ஓர் இரவு வர்த்தமானியால் ஏற்றியிறக்கும் வழக்கம், கொழும்பின் மொத்த வியாபாரிக்கு இலாபம். கமக்காரனுக்கு அது சூதாட்டம். எவ்வளவு இறைக்கலாம் என்பதும் அளந்து சொல்லப்படல் வேண்டும். அளக்குங் குழுவிலே குத்தகைக்குத் தோட்டஞ் செய்வோரும் கூலிகளும் இடம்பெறல் வேண்டும்.

ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். அது இன்னும் முற்றுப்பெறவில்லை. மழைநீரைக் கடலுக்குப் போகவிட்ட நாம், 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைத் திறந்தோம். குடிப்பதற்கு அது வேண்டியதே. அந்நீரைக்கொண்டு வெங்காயம் விளைவிக்க முடியாது.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் உள்ளன. அடுத்த மாரிக்கு முன் அவற்றுள் எத்தனை தூர்வாரப்படும், எத்தனை குப்பையால் நிரவப்பட்டன என்ற கணக்கைப் பிரதேச சபைகளிடம் கேட்க, ஆசிரியருக்கோ மாணவருக்கோ எவருடைய அனுமதியும் தேவையில்லை. புரட்டாதி முடிவதற்குள் நாம் கேட்கப் போகின்றோம்.