‘அப்படியே போட்டோ மாதிரி’ என்பது பாராட்டே அல்ல

யாரோ ஒரு நடிகரின் முகத்தைப் பென்சிலில் வரையும் ரீல் ஒன்று வாரம் தவறாமல் என் வாட்ஸப்புக்கு வந்துவிடுகிறது. கீழே எல்லாருக்கும் ஒரே கமென்ட்: ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!’ இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ‘அதான் கேமரா இருக்கே, இதை எதுக்கு மாங்கு மாங்குன்னு வரையணும்?’ என்று உதட்டைப் பிதுக்கும் நவீன ஓவிய ரசிகர்கள். இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறுதான். படைப்பைப் பார்க்காமல் ஒற்றுமைக்கு மார்க் போடுகிறார்கள்.

அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் 1967–68இல் வரைந்த ‘பிக் செல்ஃப் போர்ட்ரெய்ட்’டை எடுத்துக்கொள்வோம். தன் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, ஏர்பிரஷ்ஷால் வரைந்த முகம். கண்ணும் வாயும் துல்லியம். காதும் மூக்கு நுனியும் மங்கல். எதிரில் நிற்பவரை நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. பார்வை காதுக்கு நகர்ந்தால் காது கூர்மையாகிவிடும். அந்த மங்கல் லென்ஸுடையது. ஆக, க்ளோஸ் வரைந்தது முகத்தை அல்ல, முகத்தைக் கேமரா பார்த்த விதத்தை. போட்டோரியலிசத்தில் போட்டோ அளவுகோல் இல்லீங்க, அதுதான் பாடுபொருளே.

அந்த ஓவியத்தின் உயரம் சுமார் ஒன்பது அடி. அதை உள்ளங்கைத் திரைக்குச் சுருக்கி, கம்ப்ரெஸ் பண்ணி அனுப்பிவிட்டு, ‘போட்டோ மாதிரியே இருக்கே’ன்னு வியந்தா எப்படி? அதை போட்டோ ஆக்கினதே நாமதானே. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாகச் சொல்கிறேன், திரைக்கு வந்தபின் எல்லாமே பிக்சல்தான்.

சிற்பத்தில் இழப்பு இன்னும் பெரிது. ரான் ம்யூக்கின் ‘டெட் டாட்’ 1997இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டது. இறந்துபோன தன் அப்பாவை நிர்வாணமாக, மல்லாந்து கிடப்பவராகச் செய்திருந்தார். அதில் பதித்த முடி மகனுடையது. போனில் பார்த்தால் அது பிணத்தின் படம், அவ்வளவுதான். ஆனால் சிற்பத்தின் நீளம் 102 செ.மீ. சின்னக் குழந்தையின் உயரம். நம்மைத் தோளில் தூக்கிய ஆளை நாம் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தோலும் நரம்பும் நிஜம்போல இருப்பதால்தான் அந்த ஒற்றைப் பொய் நெஞ்சில் இறங்குகிறது.

டுவேன் ஹான்சன் வேறு வழியில் போனார். உயிருள்ள மனிதர்களின் உடலிலேயே அச்செடுத்து, நிஜ உடை மாட்டி, சுற்றுலாப் பயணிகளையும் துப்புரவுத் தொழிலாளிகளையும் காட்சிக்கூடத்தில் நிறுத்தினார். நிஜத்தில் தெருக்கூட்டும் பெண்ணை நாம் இரண்டு விநாடி நின்று பார்த்திருப்போமா? பொம்மை என்று தெரிந்ததும் சுற்றிச்சுற்றிப் பார்க்கிறோம். அந்தக் கூச்சம்தான் படைப்பு. அதுக்கு லைக் பட்டன் கிடையாது.

உழைப்பை நான் மட்டம் தட்டவில்லை. உழைப்பு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. ஆனால் எத்தனை மணி நேரம் வரைந்தார் என்பதோடு நம் கேள்வி முடிந்துபோகக் கூடாது. அளவு என்ன, எதைக் கூர்மையாக்கினார், எதை மாற்றினார், யாரைப் பார்க்க வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஃபீடில் வரும் முக்கால்வாசி ரீல்களிடம் பதில் இருக்காது. பதில் இருக்கும் ஒன்றிரண்டையாவது, தயவுசெய்து, ‘போட்டோ மாதிரி’ என்று சொல்லி அவமதிக்காதீர்கள்.