நாய்ப் பல்

கோல்ப் ஆட்டத்தில் நமக்கு என்றுமே மோகம் இருந்ததில்லை. சிறு பந்து ஒன்றைத் தடியால் அடித்துவிட்டு, அதைத் தேடி மைல் கணக்கில் நடப்பானேன்? பந்தைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு நடந்தாலும் தேகத்துக்கு அதே நன்மைதானே! ஆயினும், கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவில், டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த லா ரொமானா என்னும் ஊரருகே உள்ள ஒரு கோல்ப் மைதானத்தின் வரலாறு நம் மனத்தைக் கவர்ந்தது.

1971-ல் திறக்கப்பட்ட அம்மைதானத்தை வகுத்தவர் பீட் டை என்ற அமெரிக்க நிபுணர். அதன் 18 குழிகளில் 7 கடலை ஒட்டியே அமைந்தவை. காற்றுச் சற்றே திசை மாறினால், கைதேர்ந்த வீரரின் பந்தும் சமுத்திரராஜனுக்குக் காணிக்கைதான்!

ஆனால், அவ்விடத்தில் முதன்முதல் போராடினவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர். கரையெங்கும் கூரிய பவழப் பாறை. சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு அதை உடைத்துச் சமன் செய்தவர்கள் சுமார் 300 உள்ளூர்த் தொழிலாளிகள். பாதத்தைக் கிழிக்கும் அப்பாறையை அவர்கள் தம் ஸ்பானிய மொழியில் 'நாய்ப் பல்' என்று அழைத்தார்கள். அதுவே மைதானத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

பொருள் கொடுத்தவர் பெயரைப் பொறிப்பதுதான் உலக வழக்கம். இங்கே பாடுபட்டவர்களின் பெயர்களை நாம் அறியோம். எனினும் அவர்களுடைய வாய்ச்சொல் வாழ்கிறது. இதை நினைக்கும் ஆட்டக்காரர், பாறையில் பட்டுத் தெறித்துப் போன பந்துக்காக அதிகம் வருந்தமாட்டார் என்றே நம்புகிறோம்.